மூளைக்காரனுக்கு வண்டி வராது

போக்குவரத்துத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழகுநர் உரிமம் வாங்குவது எப்படி, புதுப்பிக்கத் தவறினால் என்ன செய்வது, தொலைத்துவிட்டால் எங்கே போய் நிற்பது, கேரளத்து வண்டியைக் குமுளி தாண்டிக் கொண்டுவந்து இங்கேயே வைத்துக்கொள்ள எந்தெந்தச் சான்று வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எனக்கு வண்டி மட்டும் ஓட்டத் தெரியாது.

இதைப் பணிக்காலத்தில் யாரும் பெரிதுபடுத்தவில்லை. கோயில் நிர்வாக அதிகாரியிடம் மந்திரம் சொல்லச் சொல்லி யாராவது கேட்கிறார்களா? ஓட்டுகிறவன் ஓட்டட்டும், கையெழுத்துப் போடுகிறவன் போடட்டும் என்று அரசாங்கமே வேலையைப் பிரித்து வைத்திருக்கிறது.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் திறமையை யாரும் கற்பதில்லை. அது தானாக வரும், அல்லது வராது. ஒருவனுக்குக் கணக்கு வரும், இன்னொருவனுக்குப் பாட்டு வராது, வேறொரு வீட்டுக்கே இங்கிலீஷ் வராது. யாருக்கு எது வரும் என்பது ஐந்தாம் வகுப்புக்குள் தீர்ப்பாகிவிடும். மேல்முறையீட்டுக்கு வழியில்லை. எனக்குப் படிப்பு வரும் என்று தெருவே கூடித் தீர்ப்பளித்து, 'மூளைக்காரன்' என்று பட்டமும் கொடுத்தது.

பட்டம் வாங்குவது சுலபம். அதைக் காப்பாற்றுவதுதான் முழுநேர வேலை. முதல் தடவையிலேயே சரியாக வராத எதைத் தொட்டாலும் பட்டம் பறிபோகும். என் வயதுக்காரர்கள் வாய்க்காலில் தண்ணீர் குடித்துக் குடித்து நீச்சல் பழகியபோது, நான் கரையில் அவர்களுடைய துணிகளுக்குக் காவல் இருந்தேன். சைக்கிள் பழகி முழங்கால் பெயர்ந்து வந்தபோது, காயத்துக்கு எந்த மருந்து போடலாம் என்று ஆலோசனை சொன்னேன். "அவன் மூளைக்காரன்டா, அவனுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று அவர்களே என்னை விலக்கி வைத்தார்கள். எவ்வளவு வசதியான மரியாதை!

என் மனைவிக்கு வந்த தீர்ப்பு வேறு. 'இதுக்கு ஒண்ணும் வராது' என்று பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். இழக்க ஒரு பட்டமும் இல்லாத அந்த நிலைமை எவ்வளவு பெரிய சொத்து என்பது எனக்கு அறுபதைத் தாண்டிய பிறகுதான் விளங்கியது.

காமயகவுண்டன்பட்டியில் அவளுக்கு அவள் அப்பா எழுதிவைத்த திராட்சைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. நான் ஊர் ஊராக மாற்றலில் திரிந்த காலமெல்லாம் அவளுடைய தம்பிதான் அதைப் பார்த்துக்கொண்டார். ஓய்வு பெற்றுக் கம்பத்தில் குடியேறியதும் அவள் அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். தினமும் எங்களை ஏற்றிப்போன ஆட்டோக்காரர் திடீரென்று பிழைப்புக்குத் திருப்பூர் போய்விட்டார். டவுன் பஸ் ஊருக்குள்ளேயே நின்றுவிடும், தோட்டமோ மலையடிவாரத்தில். கொடிகளைக் கவாத்து வெட்டும் ஆட்கள் விடியும்போதே கத்தரிக்கோலோடு நிற்பார்கள். அந்த நேரத்துக்குப் பஸ்ஸும் கிடையாது.

என் மைத்துனர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வாழைத்தாரோடு வந்தார் என்பதைக் கவனித்ததுமே விஷயம் பெரிது என்று தெரிந்துகொண்டேன்.

"எதுக்குக்கா இந்த வயசுல அலைச்சல்? எங்கிட்டக் குத்தகைக்கு விட்டுரு. மச்சானும் பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்."

"மச்சான் ரெஸ்ட்டுதான்டா எடுக்காக. வேற என்ன எடுக்காக?" என்றாள் என் மனைவி.

"அதுக்கில்லக்கா. போக்குவரத்து ஒண்ணு இருக்குல்ல?"

அவள் வாழைத்தாரை ஓரமாகத் தள்ளி வைத்தாள். குத்தகைக்குப் போன தோட்டம் எப்படித் திரும்பும், எந்த நிலைமையில் திரும்பும் என்பது அவளுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

"அடுத்த கவாத்துக்குள்ள நாங்களே போய்வர வழி பண்ணிக்கிறோம். பண்ண முடியலன்னா நீயே எடுத்துக்க."

பெங்களூரில் இருக்கும் மகன் தன் பழைய காரை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டுப் போயிருந்தான். உறை போட்டு மூடி, வாரம் ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சி உயிர்ப்பித்து வைத்திருந்தோம். குடும்பம் கூடி, நான் கார் பழக வேண்டும் என்று முடிவு செய்தது. "துறையிலேயே இருந்தவுக, இவுகளுக்குத் தெரியாததா?" என்றார்கள். என் மனைவி, "நானும் கூட உக்காந்து பழகுறேன், சும்மாத்தானே இருக்கேன்" என்றாள். யாரும் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் இருவருக்குமான பழகுநர் உரிம விண்ணப்ப வேலைகளை ஒரே நாளில் முடித்தேன். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கான மருத்துவச் சான்று உட்பட ஒரு குறையும் இல்லை. அந்தக் கட்டம் வரை நான் மிகச் சிறந்த ஓட்டுநர்.

டிரைவிங் ஸ்கூல்காரர் கம்பத்து ராவுத்தர். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு மலைப்பாதையில் பல வருடம் ஜீப் ஓட்டியவர். பேச்சில் பாதி மலையாளம். ஆளைப் பார்த்ததுமே வண்டி வருமா வராதா என்று சொல்லிவிடுவதில் அவருக்குப் பெருமை. எங்களையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார் ஆபீசரு. மூளை இருக்கு. ரெண்டே நாள்ல புடிச்சிருவீக. அக்காவுக்குத்தான் நாளாகும். சாரமில்ல, பரவால்லக்கா, பதுக்கெ பதுக்கெ மெதுவாப் பழகலாம்."

இந்த ஒரு வாக்கால் என் படிப்பு அன்றே முடிந்தது.

இரண்டே நாளில் பிடிக்கவேண்டியவன் மூன்றாம் நாளும் வண்டியை நடுவழியில் அணையவிட்டால் என்ன அர்த்தம்? ராவுத்தரின் வாக்கு பொய் என்று அர்த்தம். அதை அவர் விடுவாரா? ஆகவே குற்றம் வண்டியின் மேல் விழுந்தது. "க்ளட்ச் டைட்டா இருக்கு சார்." "ரோடு போட்டிருக்க லட்சணத்தப் பாருங்க சார்." "இன்னைக்குச் சந்தை, சார் என்ன பண்ணுவீக?" நான் ஓட்டிய ஒரு மாதத்தில் அந்த வண்டியில் இல்லாத கோளாறு இல்லை. என் மனைவி உட்கார்ந்ததும் எல்லாக் கோளாறும் நீங்கிவிடும். அவள் வண்டியை அணையவிட்டால் ஒரே காரணம்: "பொம்பளையாளுகன்னா அப்படித்தான். மறுபடியும் போடுங்கக்கா."

அவளுக்கு 'மறுபடியும்' கிடைத்தது. எனக்கு, "மதி, மதி, இன்னைக்குப் போதும் சார்" கிடைத்தது. மரியாதை நிமித்தம் என் வகுப்பு தினமும் சீக்கிரம் முடியும். மிச்ச நேரத்தில் பின்சீட்டில் உட்கார்ந்து, க்ளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று இருவருக்கும் விளக்குவேன். தெளிவாகவே விளக்கினேன். ராவுத்தரே, "சார் சொல்லித்தான் எனக்கே இது தெரியுது" என்றார்.

ஒரு நாள் கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் அவள் நடுச்சாலையில் வண்டியை அணையவிட்டாள். பின்னால் குமுளி பஸ், அதன் பின்னால் தேங்காய் லாரி, இரண்டும் போட்டி போட்டு ஹாரன் அடித்தன. டீக்கடை வாசலில் இருந்து ஒருவர் கத்தினார்: "ஏலே, ஆத்தா வண்டி ஓட்டுதுடா! ஒதுங்குங்கடா எல்லாரும்!"

நானாக இருந்திருந்தால் அந்த ஊரையே காலி செய்திருப்பேன். அவள் கண்ணாடியை இறக்கி, "ஒதுங்கி நின்னு என்ன வேடிக்க? வந்து தள்ளுறது!" என்றாள். நாலு பேர் டீ கிளாஸோடு வந்து தள்ளினார்கள். வண்டி கிளம்பியது. சிரித்துக்கொண்டே உத்தமபாளையம் சாலை வரை ஓட்டினாள்.

மறுநாள் அதே வழியில் நான் ஓட்டவேண்டும். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த நாள் ரத்த அழுத்தம். அதற்கப்புறம் பென்ஷன் அலுவலக வேலை, சொந்தத்தில் ஒரு காதுகுத்து, ராகு காலம். விடுப்பு எடுப்பதில் எனக்கு முப்பது வருடத்துக்கு மேலான அனுபவம் இருந்தது. முயற்சி செய்து தோற்றவனை மூளையில்லாதவன் என்பார்கள். முயற்சியே செய்யாதவனை, 'மனசு வைக்கல, வச்சா ஒரு நிமிஷம்' என்பார்கள். இரண்டில் எது மேல் என்று கணக்குப் போடத் தெரியாதவனா நான்?

கவாத்து நெருங்கியது. அவள் தம்பி இரண்டு தடவை ஃபோன் செய்து நலம் விசாரித்தார்.

உரிமத் தேர்வு நாளில் மைதானத்துக்கு வந்த ஆய்வாளர் எனக்குப் பழைய பழக்கம். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். "சார், உங்களுக்கு எதுக்கு சார் டெஸ்ட்டு? இங்கன நெழல்ல உக்காருங்க. சும்மா ஸ்டார்ட் பண்ணி நிறுத்திருங்க, பாத்துக்குவோம்."

நான் நிழலைப் பார்த்தேன். நல்ல நிழல்தான்.

என் மனைவி அவருக்கும் கேட்கிற குரலில் என்னிடம் சொன்னாள்: "லைசென்ஸக் குடுத்துருவாக. ஓட்டுறது யாரு? அட்டையத் தோட்டத்துப் பாதையில வச்சா அதுவா போயிருமா?"

ஆய்வாளர் களத்தைக் காட்டினார். போனேன். பின்னோக்கி எடுக்கையில் எல்லைக் கம்பம் ஒன்றைச் சாய்த்தேன். ஆய்வாளர் ஓடிவந்து, "கம்பத்தச் சரியா ஊனல சார்" என்றார். அடுத்துப் போன என் மனைவியும் வேறொரு கம்பத்தைச் சாய்த்தாள். அதை நன்றாக ஊனியிருந்தார்கள் போலிருக்கிறது. அவர் ஓடிவரவில்லை. எனக்கு விலக்குக் கொடுத்தால் அவளுக்கும் கொடுக்கவேண்டும், மைதானத்தில் நிற்கும் அத்தனை பேருக்கும் கொடுக்கவேண்டும். இருவருக்கும் தோல்வி போட்டார்.

ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம் என்பது விதி. அதைப் பல பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன், தண்டனை அறிவிக்கிற குரலில். என் மனைவிக்கு அது பஸ் நேரம் சொன்னதுபோல் கேட்டிருக்கவேண்டும். "அடுத்த வாரமா? சரி" என்றாள். நான் தோற்ற சேதியை யாரிடமும் சொல்லவில்லை. அவள் வீடு வந்து சேருமுன் தெருவில் பாதிப்பேரிடம் சொல்லிவிட்டாள். "கம்பத்துல குடியிருந்துக்கிட்டுக் கம்பத்தையே இடிச்சிட்டேன்டி!"

அந்த வாரம் முழுவதும் வீட்டு வாசலில் நாலு செங்கல்லை நட்டு, நடுவே காரைப் பின்னோக்கி எடுத்துப் பழகினாள். செங்கல் உடைந்தால் வேறு செங்கல். பக்கத்துவீட்டு அம்மாள் மாடியில் நின்று, "இடது பக்கம், இடது பக்கம்! ஐயோ, என் செடி!" என்று வழிகாட்டினார். ஏழாம் நாள் போய்த் தேறி வந்தாள். நான் போகவில்லை. காது அடைத்திருந்தது.

கவாத்து அன்று இருட்டு பிரியும் நேரத்தில் அவள்தான் காரை ஓட்டினாள். சுருளிப்பட்டி சாலையில் இரண்டு இடத்தில் அணைந்தது. இரண்டு இடத்திலும் கிளப்பினாள். நாங்கள் போய் இறங்கியபோது தம்பி ஏற்கெனவே திராட்சைப் பந்தலடியில் நின்றுகொண்டிருந்தார். காரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். குத்தகைப் பேச்சை அப்படியே விழுங்கிவிட்டார்.

"நான் அப்பவே சொன்னேன்லக்கா!" என்றார். "எங்க வம்சத்துக்கே வண்டி வரும் மச்சான். அப்பா அந்தக் காலத்துலயே டிராக்டர் ஓட்டுனாக. ரத்தத்துல இருக்கு."

என் மனைவிக்கு வந்த கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கம்பம் பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஹாரனுக்கு நடுவே வராத கோபம்.

"ரத்தத்துல இருந்துச்சா? அப்ப நான் நடுரோட்டுல நின்னது யாரு ரத்தம்? ஒடச்ச செங்கல்லு யாரு ரத்தம்? ஒண்ணுந் தெரியாதுன்னு நாப்பது வருசம் சொன்னீக. இப்ப எல்லாம் பொறப்புலயே இருந்துச்சாம்!"

"பாராட்டுனா சண்டைக்கு வர்றா" என்று தம்பி என்னிடம் ஒதுங்கினார். ஆறுதலாக என் தோளைத் தொட்டார். "மச்சானுக்கு இது வராது, விடுங்க. நீங்க மூளைக்காரவுக."

உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. தீர்ப்பு வந்துவிட்டது; இனி இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்து சாலை விதிகளைச் சொல்லிக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம். வம்சத்துக்கு வரும், மூளைக்கு வராது. எல்லோருக்கும் இடம் ஒதுக்கியாயிற்று.

என் மனைவி சாவியை என் கையில் வைத்தாள்.

"ஊருக்குள்ள இன்னும் ரெண்டு ஆளு நிக்குது. போய்க் கூட்டியாங்க."

"நானா? இங்கிருந்தா?"

"இந்தா இருக்கு ஊரு. நம்ம பாதைதான், எதுத்தாப்புல ஆடு மட்டுந்தான் வரும். மெயின் ரோடு முக்குல நிப்பாட்டிருங்க, அதுக்கு மேல பழகுநர் தனியாப் போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீக. அதுக மிச்சத்த நடந்து வரட்டும். நாளைக்கு நான் காய்ச்சல்ல படுத்தா யாரு ஓட்டுறது? இவனா?" தம்பியை அவள் திரும்பியே பார்க்கவில்லை. "அப்புறம் குத்தகைதான்."

காரில் உட்கார்ந்தேன். கவாத்து ஆட்கள் முக்காலிகளைப் பந்தலடியில் போட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். சாவியைத் திருப்பி, க்ளட்சை நான் விளக்குவதுபோல் அல்லாமல் ஏதோ ஒரு விதமாக விட்டேன். வண்டி ஒரு முழம் குதித்து நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

முக்காலியில் நின்ற ஆள் குனிந்து கேட்டார்: "என்னங்கய்யா, வண்டியில கோளாறா?"

க்ளட்ச் டைட் என்று சொல்லியிருக்கலாம். மேட்டுப்பாதை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"வண்டி நல்லாத்தான் இருக்கு," என்றேன். "எனக்குத்தான் ஓட்டத் தெரியல."

"அப்படியா" என்றுவிட்டு அவர் கொடியைப் பிடித்து வெட்ட ஆரம்பித்தார். அதற்குமேல் அவருக்கு அதில் கேட்க ஒன்றும் இல்லை. நான் மறுபடியும் சாவியைத் திருப்பினேன்.