கோமதி சித்தியை அழைத்துவரப் போன வயல்வீடு

1997 தை மாதம், பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, அம்மாவுடன் பத்தமடைப் பக்கம் போய்வந்தேன். அம்மா பிறந்த வயல்வீட்டைப் பார்க்கப் போவதாகத்தான் எல்லோரிடமும் சொன்னோம். உண்மையில் அம்மாவின் தங்கையை மெட்ராசுக்கு அழைத்துவரப் போனோம்.

கோமதி சித்தி ஏழு வயதில் காய்ச்சலில் இறந்தவள். கல்யாணமாகாமல் இறந்த பெண்ணை எங்கள் பக்கத்தில் வீட்டுக் கன்னியாகக் கும்பிடுவார்கள். ஓலைப்பெட்டியில் அவளுக்கென்று ஒரு துணியும் வளையலும் இருக்கும், வருடம் ஒருமுறை புதிது வைப்பார்கள்.

அந்த வீட்டைக் கட்டியவர் அம்மாவின் தாத்தா. அறுத்த நெல்லுக்குக் காவலிருக்க முதலில் ஒற்றை அறைதானாம். நன்றாக விளைந்த வருடங்களில் ஒவ்வோர் அறையாகச் சேர்ந்து, கடைசியில் மச்சும் வந்தது. சித்தி போன பிறகு அம்மாவின் அப்பாவுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார். கன்னியை வீட்டைவிட்டுப் பிரிக்கக் கூடாதென்று பெரியவர்கள் சொன்னதால் பெட்டி அங்கேயே தங்கிவிட்டது. வாங்கியவர்கள் விடாமல் கும்பிடுவதாக வாக்குக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு நம்பிக்கையில்லை. "அவ அங்கன தனியா கெடக்கா" என்று சொல்லாத பொங்கல் கிடையாது.

காலை ஏழரைக்கு நெல்லை சந்திப்பில் இறங்கினோம். டவுனில் ஜவுளிக்கடை திறக்கும்வரை காத்திருந்து, ஏழு வயது அளவில் பட்டுப்பாவாடை எடுத்தாள் அம்மா. சேரன்மகாதேவி பஸ்ஸில் பத்தமடைக்கு முக்கால் மணி நேரம். அங்கே ஆட்டோக்காரரிடம் அம்மாவின் அப்பா பெயரைச் சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார். கால்வாய் ஓரம், மச்சு வீடு என்றதும் முகம் மலர்ந்தது.

"கோமதி வீடுன்னு சொல்லப்பிடாதா அண்ணாச்சி? ஏறுங்க."

அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டு மருமகள் சண்முகவடிவுக்கு ஐம்பது வயதிருக்கும். வந்த காரணத்தை அம்மா சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. ஆனாலும் உள்ளறையிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தாள்.

திறந்தால் உள்ளே மாம்பழ நிறத்தில் முழுச் சேலை. மடிப்புக் கலையாத ரவிக்கை. பெரிய பெண்களுக்கான கண்ணாடி வளையல்கள்.

"இது யாருக்குள்ளது?" என்றாள் அம்மா.

"கோமதிக்குத்தான். நான் கெட்டி வந்தப்போ என் மாமியா தாவணி வச்சிருந்தாவ. நாந்தான் சேலைக்கு மாத்தினேன். வருசம் போவுதுல்லா, புள்ள வளராதாக்கா?"

அம்மா கையிலிருந்த சின்னப் பாவாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "கல்யாணமும் முடிச்சு வச்சிட்டியாளா?"

"மூத்தவ நீங்க வராம எப்படிக்கா முடிக்க?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை, நானும் அழுதுகொண்டிருந்தேன். பெட்டியை அம்மாவே எடுத்துக்கொண்டுபோய் உள்ளறையில் வைத்தாள். பாவாடையைச் சண்முகவடிவின் பேத்திக்குக் கொடுத்தோம்.

போகிறவர்களுக்கு: பாய் வாங்குவதென்றால் பத்தமடையில் திரும்பும்போது வாங்குங்கள், சுமை குறையும். பழைய குடும்ப வீட்டைத் தேடிப் போகிறவர்கள், இப்போது அங்கே இருப்பவர்களுக்குப் பூவும் பழமும் வாங்கிப் போங்கள். அது அவர்கள் வீடு. நாங்கள் அதைக்கூட யோசிக்கவில்லை.

திரும்பும் ரயிலில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கோவில்பட்டி தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அவளுக்கும் அம்பத்தஞ்சு ஆகுதுலே. இந்நேரம் கண்ணாடி போட்டிருப்பா, என்ன?"