முக்கால் மணி நேரம்

ஃபாக்டரி வேலையாக கோயம்புத்தூர் போன என் வீட்டுக்காரருக்கு, திரும்பி வர முதல்முறையாக விமான டிக்கெட் கொடுத்தார்கள். "காலைல பத்து மணிக்கு பிளேன். முக்கால் மணி நேரம்தான்" என்று பக்கத்து வீட்டு போனில் சொன்னார். ராத்திரி முழுக்க ரயிலில் வருகிற தூரம் அது.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். அப்பா எங்கள் ஊர் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தார். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வந்தால், பத்தே நிமிடத்தில் வாசலில் நிற்பார். அந்தக் கணக்கில்தான் பதினொரு மணிக்கு உலை வைத்தேன்.

மணி ஒன்று ஆனது. அப்பா சுரங்கத்திலிருந்து வராமலே போன நாளில், அம்மா கேஜ் இறங்கும் ஷாஃப்ட்டின் கேட்டில் நின்றது கண்ணுக்குள் வந்தது. வாயை அடக்க முடியவில்லை.

"அத்தை, பிளேன் விழுந்துடுச்சு."

"இன்னாடி சொல்ற?" என்ற மாமியார் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டரைக்கு என் வீட்டுக்காரர் பையோடு வந்து நின்றார். "இன்னா இப்படி உக்காந்துனு இருக்கீங்க? பிளேன் பெங்களூரோட சரி. அங்கேருந்து பஸ் புடிச்சி வர வேணாவா?" என்று சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை. மகன் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

இப்போதும் அவர் வர நேரமானால், அத்தை முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார். உள்ளே எவ்வளவு பதறினாலும், நான் பேசாமல் அரிசி களைந்துகொண்டிருப்பேன்.