நாகக்கல் அருகே ஒரு தகர டப்பா

சங்கரன்கோவில், 1981. போன வருடம் இங்கு வந்த என் பினாங்கு நண்பன், குளக்கரை வேம்படியில் நாகக்கல்லுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பாவை ஒளித்துவைத்திருக்கிறான். தேடியெடுத்து, உள்ளிருக்கும் ரப்பர் முத்திரையை என் அட்டையில் பதித்துவிட்டு, மறுபடி ஒளித்துவைக்க வேண்டும். இது எங்கள் விளையாட்டு.

டப்பா கல்லுக்குப் பின்னால் இல்லை, முன்னாலேயே இருக்கிறது. மஞ்சள், குங்குமம், மேலே புதிய பிச்சிப்பூ. மூடியைச் சுற்றி ஒட்டிய தாள்கூடப் பிரியவில்லை.

"திறந்து பார்க்கலையா?" என்று பக்கத்துப் பூக்காரியைக் கேட்கிறேன்.

"யாரோ நேந்து வச்சிருக்காவ. அதப் போயித் தொறக்கலாமா அண்ணாச்சி?"

"என் கூட்டாளி வச்சது. நான் வந்து எடுக்கணும்னு."

அவள் முகம் மலர்கிறது. "அப்ப நேந்தது பலிச்சுட்டுல்லா!"

முத்திரையைப் பதித்துக்கொள்கிறேன். டப்பாவை ஒளிக்கவில்லை, எல்லோர் கண்ணெதிரிலும், இருந்த இடத்திலேயே வைக்கிறேன்.