மூன்றாம் ஓலை

இது நடந்தது. அன்றைக்கு எங்கள் கோயிலில் பூசை கண்டவர்களைக் கேளுங்கள். பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

தாமஸுக்கு டெனிசனைக் கண்டாலே ஆகாது. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். தாய் அவன் சிறுவனாக இருந்தபோதே வேலை தேடிப் போனவள், திரும்பவில்லை, சித்தி வளர்த்தாள். ஒரகடம் கம்பெனியில் தாமஸின் மகள் ஜோஸ்லின் இருக்கும் அதே லைனில் வேலை. பார்த்த மூன்றாம் வாரமே பெண் கேட்டு வந்து நின்றான். ஜோஸ்லின் அவர் பெற்ற மகள் இல்லை. கன்னியாஸ்திரிகள் இல்லத்திலிருந்து கைக்குழந்தையாக எடுத்து வந்தவள். இது ஊருக்கே தெரியும். மற்றவர்கள் தயங்கும் இடத்தில் இவனுக்கு எதற்கு இத்தனை அவசரம்? மண்ணூரில் அவன் ரூமில் விசாரித்தார். சூப்பர்வைசரிடம் விசாரித்தார். குடி இல்லை, வேறு பெண் சகவாசம் இல்லை. சந்தேகம் கூடத்தான் செய்தது.

"இன்னாத்தக் கண்டு வுழுந்த அவங்கிட்ட?"

"தெர்லப்பா. புதுசா பாக்குற மாரியே இல்ல. வூட்டுக்குத் திரும்பி வந்தாப்ல கீது."

இன்னொன்றும் தாமஸ் கண்ணில் பட்டது. சிரித்தால் இருவருக்குமே சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும்.

மகளுக்காகச் சம்மதித்தார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். முதல் ஓலையன்று கடைசிப் பெஞ்சில் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி. ஊர்க்காரி இல்லை. எழுந்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள்.

இரண்டாம் ஓலைக்கு நடுப்பெஞ்சில் இருந்தாள். டெனிசனைப் பற்றி ஏதோ தெரிந்தவள் என்றே தாமஸ் நினைத்தார். பூசை முடிந்ததும் அவள் பின்னாலேயே போனார். வாசலில் வெயில் மட்டும்...

மூன்றாம் ஓலை. காலை ஏழேகால். அவள் ஜோஸ்லினுக்கு நேர் பின்னால்.

சாமியார் வாசித்து நிறுத்தினார். ஃபேன்கள் நின்றன.

"தடை கீது ஃபாதர். ரெண்டும் நான் பெத்த புள்ளைங்க."

ஜோஸ்லினின் குரல்.

தாமஸ் மகளைப் பார்த்தார். உதடு மூடியிருந்தது.

பின்னால்... காலிப் பெஞ்ச்.

கல்யாணம் நின்றது. டி.என்.ஏ. சோதனை செய்தார்கள். இருவருக்கும் ஒரே தாய். டெனிசன் ரூமைக் காலி செய்துவிட்டுப் போனான். ஜோஸ்லினுக்கு அன்று போன பேச்சு இன்னும் வரவில்லை. அதிர்ச்சி என்றார் டாக்டர்.

போன மாதம் டெனிசனின் சித்தி வந்தாள். டெனிசனைப் பெற்ற தன் அக்காவின் போட்டோவைக் காட்டினாள். பச்சைச் சேலைக்காரியின் அதே முகம். கோயிலில் இவள் பேசியதைக் கேட்டோம் என்றார் தாமஸ்.

சித்தி அவரையே பார்த்தாள்.

"பேசினாளா? எங்க அக்கா பொறவி ஊமைல்லா..."

ஜோஸ்லின் தன் தொண்டையைத் தொட்டுக்கொண்டாள்.