போடாமல் விட்ட பூஜ்ஜியம்

நான் செய்த தவற்றுக்காக ஒரு பெண் வேலையை இழந்தார். அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. தவறு என்னவோ ஒரே ஒரு பூஜ்ஜியம்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில், மேற்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் லினக்ஸ் கணினி என் பொறுப்பில் இருந்தது. அதைப் போட்டதும் சில கட்டளைக் கோப்புகளை வரிசையாக ஓட்டும். எது முதலில் என்பதை அவற்றின் பெயரில் உள்ள எண் தீர்மானிக்கும். முடிவுகளைப் பதியும் புரோகிராமைத் தொடங்கும் கோப்பு S10. பதிவுகளைச் சேமிக்கப் புதிதாக வாங்கிய ஹார்ட் டிஸ்க் அதற்கு முன்பே இணைந்துவிட வேண்டும் என்று, அதை இணைக்கும் கோப்புக்கு S9 என்று பெயர் வைத்தேன். ஒன்பது பத்துக்கு முன்னால்தானே! ஆனால் கணினி அதை எண்ணாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடும். S-க்கு அடுத்த எழுத்து ஒன்பதுக்கு முந்திய ஒன்று என்பதால் S10 முந்திக்கொண்டது. S09 என்று வைத்திருக்க வேண்டும்.

பழைய டிஸ்க்கில், புது டிஸ்க் வந்து அமர வேண்டிய காலி இடத்தில் புரோகிராம் தன் கோப்பைத் திறந்துகொண்டது. பிறகு புது டிஸ்க் அதன்மேல் வந்து அமர்ந்து அதைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தது. பதிவு வேலை பார்த்தவர் என்னைவிட இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அக்கா. அவர் அன்று முழுதும் தட்டியதெல்லாம் அடியில் போய்ச் சேர்ந்தது. பதிந்ததும், முடிவுகள் எழுதி வந்த சீட்டுகளைக் கிழித்துப்போடுவது அங்கே வழக்கம். மாலையில் ரிப்போர்ட் எடுக்கப் போனால் ஒன்றுமே இல்லை.

"மறுபடியும் ஊசியா? இன்னாய்யா பேஜாரா கீது!" என்று முன்னறையில் ஒரு பெரியவர் கத்தினார்.

மானேஜர் என்னைக் கேட்டார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். சேவ் பண்ணாம விட்டிருப்பாங்க" என்றேன். அப்போது அப்படித்தான் நம்பினேன்.

"நான் சேவ் பண்ணேன் சார்" என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

அவர் போன பிறகுதான் அந்த S9 என் கண்ணில் பட்டது. பூஜ்ஜியத்தைச் சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மாதங்கள் கழித்து அந்த டிஸ்க்கைக் கழற்றியபோது, அடியில் பழைய டிஸ்க்கில் அக்காவின் அன்றைய பதிவுகள் ஒன்று விடாமல் இருந்தன. அச்செடுத்துக்கொண்டு மாடம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். வாசலில் நின்றபடியே தாள்களைப் புரட்டினார்.

"எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே வந்து சொல்றீங்களே சார். அங்க போய் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

சொன்னேன். மானேஜர் ஆள் விட்டு அழைத்தார், அக்கா வந்தார். அதன்பின் தினமும் மாலையில், அறையே கேட்கும்படி, "சார், சேவ் பண்ணிட்டேன். வந்து பாத்துட்டுப் போங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் எழுந்து போய்த் திரையைப் பார்த்து, "இருக்கு" என்பேன். நான் அங்கிருந்து விலகும்வரை ஒருநாளும் அவர் என்னை விட்டதில்லை.

இப்போதும் தேதி எழுதும்போது ஒன்பதுக்கு முன்னால் பூஜ்ஜியம் போடுகிறேன். போட்டதும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். இருக்கிறது.