இரண்டாவது ரூட்டர்

போன வருடம், மலேசியாவில், செனாயில், சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் தெரஸ் வீட்டில் நடந்தது இது. நான் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு டெக்னீசியன். என் மனைவி எட்டு மாதமாக வேலையில்லாமல் இருந்தாள். அனுப்பிய விண்ணப்பங்களில் ஒரே ஒரு சிங்கப்பூர் கம்பெனிதான் கூப்பிட்டிருந்தது. அன்று காலை பத்து மணிக்கு ஆன்லைனில் நேர்முகத் தேர்வு.

பின்னறையில்தான் அமைதியாகப் பேச முடியும். ஆனால் அங்கே வைஃபை எட்டாது. நான் சும்மா இருந்திருக்கலாம். டெக்னீசியன் என்ற கொழுப்பு விடுமா? பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த ரூட்டரைத் தூசி தட்டி, ஹாலில் இருந்த ரூட்டரோடு ஒரு கேபிளால் இணைத்தேன். எட்டரைக்குப் பின்னறையில் சிக்னல் முழுசாக வந்தது. பெருமை அடித்துக்கொண்டேன்.

ஒன்பதே காலுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, எதுவுமே ஓப்பன் ஆக மாட்டேங்குது. லைன் இருக்கா?"

சிக்னல் இருந்தது, இன்டர்நெட் இல்லை. கேபிளைப் பிடுங்கினேன், சரியாகவில்லை. பதற்றத்தில் ஹால் ரூட்டரின் பின்னால் இருந்த ரீசெட் துளைக்குள் ஊசியை விட்டு அழுத்தினேன். ஆஃப் செய்து ஆன் செய்வது போலத்தான் என்று நினைத்தேன். அது உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டது. இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் போட்டு வைத்திருந்த பாஸ்வேர்டும் சேர்ந்து போனது. அவர்களுக்குப் போன் செய்தால் பாட்டுதான் ஓடியது. போன் டேட்டாவோ எங்கள் வீட்டுக்குள் ஒரு கோடுதான் காட்டும். மணி ஒன்பது நாற்பது. மனைவி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெட்கத்தை விட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அந்த அக்கா ஆர்டர் எடுத்து, உருளைக்கிழங்குக் கறி வைத்து மடித்துப் பொரிக்கும் கறிபாப் செய்து கொடுப்பவர். மதியத்துக்குள் முந்நூறு தர வேண்டும். மாவு பிசையும் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் உளறிக் கொட்டியதைக் கேட்டார்.

"அலமாக், இதுக்கா இப்படி முழிக்கிறீங்க? அவள வரச் சொல்லுங்க லா!"

பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மனைவி அவர் அறைக்குள் லேப்டாப்பைத் திறந்தாள். லைன் கிடைத்தது. அக்கா கதவைச் சாத்தினார். பிறகு போய் மெஷினை நிறுத்தினார்.

"சத்தம் அவங்களுக்குக் கேக்கும்ல," என்று கிசுகிசுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கையாலேயே மாவைப் பிசைய ஆரம்பித்தார். நானும் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் மடித்த கறிபாப்பெல்லாம் வாயைப் பிளந்துகொண்டன. அவர் வாங்கித் திரும்ப மடித்தார்.

அப்போதுதான் உறைத்தது. தொழிற்சாலையில் ஓடுகிற உற்பத்தி லைனைத் தொடுவதற்கு முன் சிவப்பு அட்டை மாட்டி, எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் கை வைப்போம். அவசர ஆர்டர் போகும் நாளில் யாராவது எதையாவது புதிதாக மாற்றினால் நானே கத்துவேன். வீட்டில் மட்டும் எனக்கு அந்தச் சட்டம் இல்லை.

சாயங்காலம் இன்டர்நெட் கம்பெனிக்காரர் போனில் விளக்கினார். இரண்டு ரூட்டரும் நானே தலைவன் என்று போட்டி போட்டுக்கொண்டு லேப்டாப்புக்கும் போனுக்கும் இன்டர்நெட் முகவரி கொடுத்திருக்கின்றன. இரண்டாவதில் அந்த வேலையை நிறுத்திவிட்டு இணைத்திருக்க வேண்டுமாம். அவ்வளவுதான் விஷயம்.

மனைவிக்கு அந்த வேலை கிடைத்தது. இன்றும் சுவருக்கு அந்தப் பக்கம் மாவு மெஷின் ஓடும் சத்தம் கேட்டால், எங்களுக்காக அது நின்றிருந்த முக்கால் மணி நேரம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.