டிப்போ வரைக்கும் மடக்கு

இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் நின்றபடியே டிக்கெட் கிழித்த கண்டக்டருக்கு இப்போது கட்டிலை விட்டு இறங்கவே ஆள் வேண்டியிருந்தது. வலது முழங்காலில் புது மூட்டு. வெள்ளிக்கிழமைக்குள் கால் தொண்ணூறு டிகிரி மடங்காவிட்டால், மறுபடி மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் அறை என்றாலே மனுஷனுக்குக் குலை நடுங்கும்.

மாத்திரை வேளைக்கு வேளை போனது. ஐஸ் பையைத் துண்டில் சுற்றிக் கால்மணி நேரம் வைத்தால் வீக்கமும் கொஞ்சம் அடங்கும். ஆனால் பயிற்சி என்றால் ஐயா ஜகா வாங்கிவிடுவார். முப்பது தடவை மடக்கச் சொன்னால் எட்டிலேயே "ஐயோ!" உடனே முழங்காலுக்கு அடியில் தலையணையைச் சொருகிக்கொண்டு சாய்ந்துவிடுவார். சுகமாகத்தான் இருக்கும், கால் விறைத்துப்போகும். பிசியோதெரபி பெண்ணுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை மனைவி தலையணையைப் பிடுங்கினாள். அலமாரியில் கிடந்த அவருடைய விசிலைக் கையில் திணித்தாள்.

"எண்ண வேண்டாம். ஸ்டாப் பேரச் சொல்லி மடக்குங்க. மடக்கும்போது மூச்ச விசில்ல விடுங்க."

"பைத்தியமாடி உனக்கு?"

அவள் அறை வாசலில் போய் நின்றுகொண்டாள். "மார்க்கெட் ஒண்ணு குடுங்க."

கண்டக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "படியில நிக்காதம்மா, உள்ள வா!"

"உள்ள எடமே இல்ல."

"அவ்ளோ எடம் காலியாக் கெடக்கு, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

விசில். மடக்கு. கோர்ட். விசில். தபால் ஆபீஸ். அவள் வாசலை விட்டு அசைவேனா என்றாள். இவர் விடுவேனா என்றார். சண்டை சூட்டில் எட்டு எப்போது தாண்டியது என்றே தெரியவில்லை. "டிப்போ! எல்லாரும் எறங்குங்க!" என்று கத்தியபோது முப்பது ஆகியிருந்தது. இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் முழங்காலில் கோணமானியை வைத்தார். எண்பத்திரண்டில் கால் நின்றுவிட்டது. கண்டக்டர் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். அவள் அங்கேதான் நின்றாள்.

"உள்ள எடமே இல்லீங்க," என்றாள்.

அவர் உதட்டைக் குவித்து நீளமாக ஊதினார். குதிகால் சறுக்கிக்கொண்டு பின்னால் போனது.

"தொண்ணூத்து மூணு!" என்றார் டாக்டர். "வலிக்கலையா?"

"வலிக்குது சார். அதுக்காக ஏறின ஆள நடுவழியில எறக்கிவிட முடியுமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப எடம் இருக்கு," என்றாள்.